தங்கமுலாம் போட்ட பழைய பிரெஞ்சு சுவர் விளக்கு: கோளாறைப் பாத்து காரணம் கண்டுபிடிக்கிறது எப்படி

பாரிஸ் ஏலக்கடைகள்ல அப்ளீக்னு பேர் போட்டு வைப்பாங்களே, வெண்கலத்துல வார்த்து மேல தங்கம் ஏத்தி, இலையும் கொடியுமா ரெண்டு கை மூணு கை நீட்டிக்கிட்டு நிக்கிற சுவர் விளக்கு, அதப் பத்திதான் இது. சந்தையில வாங்கினீங்களோ, வேலை பாக்குற வீட்டுல தொடைக்கச் சொல்லி கையில குடுத்தாங்களோ, கோளாறு எதுவா இருந்தாலும் அது எந்த அடுக்குல இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் கை வைங்க. அடியில உலோகம், அதுக்கு மேல தங்கம், அதுக்கு மேல சிலதுல வார்னிஷ், எல்லாத்துக்கும் மேல தலைமுறை தலைமுறையா சேர்ந்த மெழுகும் புகையும் தூசியும். இந்த விளக்குங்க காலத்தால கெட்டது கம்மி, பின்னாடி வந்தவங்க பளபளன்னு ஆக்குறேன்னு கெடுத்ததுதான் அதிகம், இது என் கணக்கு.

தங்கம் எப்படி ஏறுச்சுன்னு தெரிஞ்சாதான் கீழ சொல்றது புரியும். தங்கத்தை பாதரசத்துல கலந்து குழம்பாக்கி, வார்த்து செதுக்கி முடிச்ச துண்டு மேல பித்தளைக் கம்பி பிரஷ்ஷால தடவி, கரி நெருப்புல காட்டுவாங்க, பாதரசம் 357 டிகிரில கொதிக்கிற சாமான், அது புகையா போயிடும், தங்கம் உலோகத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கும். அந்தப் புகையை மூச்சுல இழுத்தே முலாம் போடுறவங்க கை நடுங்கி, பல்லு கொட்டி சீக்கிரம் போய்ச் சேர்ந்தாங்க. ரவ்ரியோன்னு ஒரு வெண்கல வேலைக்காரர், 1814ல செத்தவர், இந்தக் கொடுமைக்கு வழி கண்டுபிடிக்கிறவங்களுக்குன்னு உயில்ல 3000 ஃபிராங்க் எழுதி வெச்சுட்டுப் போனார், தார்சேன்னு ஒரு வேதியியல்காரர் புகையை இழுத்து வெளிய தள்ளுற அடுப்பு ஒண்ணு அமைச்சு அந்தப் பரிசை வாங்கினார், அவர் 1818ல எழுதின அறிக்கையாலதான் பட்டறைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நமக்கு இவ்ளோ விவரமா தெரியுது. பாதரசத்துல கொஞ்சம் இன்னமும் அந்தத் தங்கத்துக்குள்ள மாட்டிக்கிட்டுதான் இருக்கும், இதை மனசுல வெச்சுக்கோங்க, கை உடைஞ்ச கதைக்கு வரும்போது வேணும்.

கறுத்துப் போச்சு, தங்கமே தெரியல

நிறைய பேர் முதல்ல சொல்ற புகார் இதுதான், நிறைய பேர் விளக்கைக் கெடுக்கிறதும் இங்கதான். தங்கம் கறுக்காது. கறுப்பா தெரியுறது ஒண்ணு மேல உக்காந்த அழுக்கு, இல்லன்னா பழைய வார்னிஷ் பழுப்பேறினது, இல்லன்னா முலாம்ல இருக்குற பொடி ஓட்டை வழியா அடியில இருக்குற செம்பு மேல வந்து கறுத்தது. மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கு. வெளிய தெரியாத இடமா பாருங்க, கீழ்ப்பக்க இலையோட உள்மடிப்பு மாதிரி, அங்க பஞ்சு சுத்தின குச்சியை டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்சு, வாசனை கலர் எதுவும் சேக்காத மைல்டு சோப்பு ஒரு சொட்டு விட்டு, அழுத்தாம உருட்டுங்க, தேய்க்காதீங்க உருட்டுங்க. பஞ்சு கறுப்பா வந்து அடியில சூடான மஞ்சள் தெரிஞ்சா அது வெறும் அழுக்கு, பிழைச்சீங்க, இதே வேலையை பொறுமையா விரக்கடை விரக்கடையா செஞ்சு, வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல மறுபடி தொடைச்சு, மெத்துன்னு இருக்குற துணியால ஈரத்தை ஒத்தி எடுத்தா முடிஞ்சுது. எண்ணெய்ப்பசையா இழுத்தா மெழுகுப் புகை, அதுக்கு வைட் ஸ்பிரிட், அதாவது பெயிண்ட் கரைக்கிற மினரல் டர்பன்டைன்.

தண்ணிக்கும் ஸ்பிரிட்டுக்கும் அசையலன்னா வார்னிஷா இருக்கலாம். மறைவான இடத்துல பஞ்சுல அசிட்டோன் ஒரே ஒரு தொடல், மஞ்சளா பிசுபிசுன்னு பஞ்சுல வந்துச்சுன்னா வார்னிஷ்தான். இங்க அவசரப்படாதீங்க, ஏன்னா வார்னிஷ் போன இடத்துல அடியில என்ன தெரியுதுன்னு பாக்கணும். தங்கம் தெரிஞ்சா அந்த வார்னிஷ் பின்னாடி யாரோ பூசினது, எடுக்கலாம். எலுமிச்சம் மஞ்சள்ல வெறும் பித்தளை தெரிஞ்சா உடனே நிறுத்துங்க. அந்தக் காலத்துலயே தங்கத்துக்கு காசு குடுக்க முடியாத ஆளுங்களுக்குன்னு வெண்கலத்தை நல்லா மெருகேத்தி மேல தங்கக் கலர் வார்னிஷ் மட்டும் போட்டு வித்தாங்க, அப்படி ஒண்ணு உங்க கையில இருந்தா அந்த வார்னிஷ்தான் அதோட மூல அலங்காரம், அசிட்டோன்ல கழுவி எடுத்துட்டா திரும்ப வராது.

மூணாவது வகை கறுப்பு, பொடிப்பொடியா புள்ளி வெச்ச மாதிரி தங்கத்துக்குள்ளேயே இருக்குறது, அதை நீங்க வீட்டுல எடுக்க முடியாது, விட்டுடுங்க. நாலடி தள்ளி நின்னு பாத்தா தெரியாது.

செய்யவே கூடாதது: புளி, எலுமிச்சம்பழம், சாம்பல், வினிகர், டின்ல வர்ற பித்தளை பாலிஷ், ஸ்டீல் உல். குத்துவிளக்கு தேய்க்கிற பழக்கத்துல நம்ம வீட்டு அம்மாங்களுக்கு கை தானா புளிக்குப் போகும், அங்க உள்ளயும் வெளியயும் ஒரே பித்தளை, தேய்ச்சா புதுசா பித்தளைதான் வரும், இங்க தேய்ச்சா வர்றது தங்கம், உங்க துணியில.

அங்கங்க பச்சையா களிம்பு

எங்க இருக்குன்னு பாருங்க. மெழுகுவர்த்தி நிக்கிற குழிக்குள்ள, அதுக்குக் கீழ சொட்டு விழுற தட்டுல, மெழுகு வழிஞ்ச கோட்டுல மட்டும் பிசின் மாதிரி பச்சையா இருந்தா காரணம் மெழுகுதான், மெழுகுல இருக்குற கொழுப்பு அமிலம் செம்போட சேர்ந்து பச்சை சோப்பு மாதிரி ஒண்ணை உண்டாக்குது. மூங்கில் குச்சியைச் சீவி மெதுவா கட்டியை நெம்பி எடுங்க, மிச்சத்துக்கு வைட் ஸ்பிரிட். கத்தி ஸ்க்ரூட்ரைவர் எல்லாம் தூரப் போடுங்க.

மெழுகு படாத இடத்துல, துண்டும் துண்டும் சேர்ற இடுக்குல, திருகு ஓரத்துல தூளா வெளிறின பச்சை வந்தா அது ஈரம், இல்ல பழைய பாலிஷ் இடுக்குல தங்கினது. பாலிஷ்ல நிறைய நேரம் அமோனியா இருக்கும். அமோனியா பித்தளைக்கு எப்படி எமன்னு பாக்கணும்னா அதுக்கு நம்ம ஊர்ப்பக்கமே கதை இருக்கு, பிரிட்டிஷ் பட்டாளம் இந்தியாவுல மழைக்காலத்துல பித்தளைத் தோட்டாக்களை குதிரை லாயத்துல அடுக்கி வெச்சு, அதெல்லாம் தானா விரிசல் விட்டுக்கிட்டே இருந்துச்சு, குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அமோனியாதான் காரணம்னு 1921லதான் விளக்கம் கிடைச்சுது. நம்ம விளக்கை வெண்கலம்னு சொன்னாலும் பதினெட்டாம் நூற்றாண்டு பாரிஸ் கலவையில வெள்ளீயத்தை விட துத்தநாகம்தான் தூக்கல், கிட்டத்தட்ட பித்தளைன்னே வெச்சுக்கோங்க, அதனால அமோனியா வாசனை வர்ற எந்த க்ளீனரையும் கிட்ட கொண்டு வராதீங்க.

தேய்ஞ்ச இடத்துல அடி உலோகம் தெரியுது

எந்த இடம் தேய்ஞ்சிருக்குன்னு பாத்தாலே பாதி வரலாறு தெரியும். இலை நுனி, பழத்தோட மேடு, ஆட்டுத்தலையோட மூக்கு, மாலையோட வயிறு, இப்படி துணி படுற மேட்டுல மட்டும் போயிருந்தா நேர்மையான தேய்மானம், வயசுக்கு அழகுதான். மேடு பள்ளம் எல்லாத்துலயும் சீரா போய் எங்க பாத்தாலும் ஒரே வெளிறலா இருந்தா அது பாதரச முலாமாவே இருந்திருக்காது, கரண்ட்ல போட்ட மெல்லிசு முலாமா இருக்க வாய்ப்பு அதிகம். கரண்ட் முலாம் 1840கள்லதான் வந்துச்சு, பர்மிங்காம்ல எல்கிங்டன் காப்புரிமை வாங்கி, பிரான்ஸ்ல கிறிஸ்தோஃப்ல் 1842ல அதோட உரிமையை எடுத்துக்கிட்டாங்க. அதனால கரண்ட் முலாம்னு தெரிஞ்சா ரெண்டு வழிதான், ஒண்ணு விளக்கே பிற்காலத்துது, இல்ல பழைய விளக்கை பின்னாடி யாரோ திரும்ப முக்கி எடுத்திருக்காங்க. சந்தேகமா இருந்தா எக்ஸ்ரே ஃப்ளோரசன்ஸ்னு ஒரு சோதனை, பொருளைச் சுரண்டாமலே மேல்பரப்புல பாதரசம் இருக்கா இல்லையான்னு சொல்லிடும்.

சரி தேய்ஞ்சு போச்சு, என்ன செய்யலாம். திரும்ப முலாம் போடாதீங்க, கடைக்காரர் எவ்ளோ கெஞ்சினாலும் சரி. தேய்மானத்தை மறைக்கிறேன்னு தங்கக் கலர் பெயிண்ட் அடிக்கிறதும் வேண்டாம், அந்த பெயிண்ட்ல இருக்குற பித்தளைத் தூள் கொஞ்ச வருஷத்துல பழுப்பாகி அசல் தங்கத்தை விட்டுத் தனியா தெரியும். வேணும்னா பழுதுபாக்குறவங்க கலர் கலந்த மெழுகு தடவி கண்ணுக்கு உறுத்தாம பண்ணுவாங்க, அதை எப்ப வேணா எடுத்துடலாம்.

முழுசும் ஒரே பளபளப்பு, கல்யாண மண்டப விளக்கு மாதிரி

இது கோளாறுன்னே நிறைய பேருக்குத் தெரியாது, நல்லா மின்னுதேன்னு சந்தோஷப்படுவாங்க. நல்ல பாரிஸ் வேலையில ரெண்டு விதமான தங்கம் பக்கத்துல பக்கத்துல இருக்கும், ஒண்ணு கண்ணாடியா மின்னுறது, இன்னொண்ணு ஒளியை வாங்கி உள்ள வெச்சுக்கிற மேட். இலையோட உடம்பு மேட்டா, நரம்பு மின்னலா, ரிப்பன் மேட்டா, ரிப்பனோட ஓரம் மின்னலா. மெழுகுவர்த்தி வெளிச்சம் நிக்காம அசையுற வெளிச்சம், அது இந்த மின்னல்கள் மேல தாவித் தாவிப் போகும்போதுதான் இலை உயிரோட இருக்குற மாதிரி தெரியும். டிசைனே இதை நம்பித்தான் போட்டது.

இதை எப்படி வரவழைச்சாங்கன்றது ரசமான விஷயம். மின்னணும்னு நினைக்கிற இடத்துல சுண்ணக் களிமண்ணும் சர்க்கரையும் பிசினும் குழைச்சு பூசி மூடிடுவாங்க, மிச்ச இடத்துல வெடியுப்பு, படிகாரம், கல்லுப்பு கலந்த கலவையை உருக்கிப் பிடிக்க வெச்சு, சூட்டோட தண்ணியில முக்குவாங்க, உப்பு கரைஞ்சு போக அந்த இடம் மேட்டா வெளிய வரும். மூடி வெச்ச இடத்தை அப்புறம் அகேட் கல்லு, இல்ல ஹெமடைட் கல்லால தேய்ச்சு மெருகேத்துவாங்க. இந்த மேட் வேலையில முதல் ஆள் பியேர் கூத்தியேர், 1732ல பிறந்தவர், அவர்தான் இதைக் கண்டுபிடிச்சார்ங்கற பேரும் அவருக்கு உண்டு. பதினஞ்சாம் லூயியோட ஆசைநாயகி மதாம் து பாரி, லூவ்சியென்ல கட்டின மாளிகைக்கு வெண்கல வேலை அவர்கிட்ட வாங்கினாங்க, காசு முழுசா வரல, மனுஷன் கடன்ல மூழ்கி 1813ல வறுமையிலதான் செத்தார். நியூயார்க்ல ஃப்ரிக் மியூசியத்துல அவரோட வேலை இருக்கு, 2016ல அவருக்குன்னே தனிக் கண்காட்சியும் வெச்சாங்க.

உங்க விளக்குல இந்த வித்தியாசம் இல்லன்னா காரணம் மூணுல ஒண்ணு. பாலிஷ் போட்டுப் போட்டு அந்த மேட் பரப்பை நசுக்கிட்டாங்க, லென்ஸ் வெச்சுப் பாத்தா ஒரே திசையில மெல்லிசுக் கோடுகள் ஓடும். இல்ல கரண்ட்ல மறுமுலாம், உளிக்கோடு எல்லாம் மொழுக்குன்னு இருக்கும். இல்ல மேல யாரோ பளபளக்குற லாக்கர், அதாவது ஒரு வகை வார்னிஷ், அடிச்சுட்டாங்க. இந்த மூணாவதுதான் நல்ல செய்தி, லாக்கரை எடுத்தா அடியில மேட் பத்திரமா தூங்கிக்கிட்டு இருக்கும். முதல் ரெண்டுக்கும் வைத்தியம் கிடையாது, விலை பேசும்போது ஞாபகம் வெச்சுக்கோங்க.

கை தொங்குது, ஆடுது

தொங்குற கையைப் புடிச்சு மேல தள்ளி வளைக்கிற ஆளுங்க இருக்காங்க. வேண்டாம். இது வார்ப்பு உலோகம், கம்பி இல்ல, வளையாது, படக்குனு போயிடும். கை கீழ இறங்குறதுக்கு முக்கால்வாசி காரணம் பின்னாடி இருக்குற திருகோ நட்டோ லூஸ் ஆனதுதான்.

விளக்கை இறக்கி மெத்தையில குப்புறப் போடுங்க. பின்பக்கம் மணல் அச்சோட சொரசொரப்பு அப்படியே இருக்கும், தங்கம் ஓரத்துல மட்டும் வழிஞ்சிருக்கும், முன்னாடி யாருக்கும் தெரியாத இடத்துல தங்கத்தை வீணாக்க அந்தக் காலத்து ஆளு முட்டாள் இல்ல. கை சேர்ற இடத்துல புள்ளி, வெட்டுக்கோடு, ரோமன் எண் ஏதாவது குறி இருக்கான்னு தேடுங்க, எந்தக் கை எந்தக் குழிக்குன்னு பட்டறைக்காரன் போட்ட குறி அது, கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. திருகு கையால மரை வெட்டினது, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது, அதனால ஒவ்வொண்ணையும் தனித்தனி கவர்ல போட்டு எழுதி வைங்க. மரை தேய்ஞ்சிருந்தா புது மெட்ரிக் போல்ட்டுக்காக ஓட்டையைப் பெருசாக்காதீங்க, பழைய ஓட்டைக்கு ஏத்த மாதிரி திருகை செஞ்சுக்கிறதுதான் முறை.

நிஜமாவே உடைஞ்சிருந்தா, பக்கத்து வெல்டிங் கடை கூடவே கூடாது. சூடு பட்டா தங்கத்துல மிச்சமிருக்குற பாதரசம் ஆவியா கிளம்பும், அது உங்க நுரையீரலுக்குத்தான் போகும், கூடவே சுத்தி இருக்குற தங்கம் நிறம் மாறிடும். டார்ச், சாலிடரிங் அயர்ன் எதுவும் இந்த விளக்குக்கு ஆகாது. உடைஞ்ச துண்டுகளைத் தொடைக்காம பத்திரப்படுத்துங்க, தேர்ந்தவங்க சூடு படாம, உள்ள சின்ன உலோக ஊசி சொருகி பசை வெச்சு சேப்பாங்க.

ஜோடியா மாட்டினா கண்ணுக்கு உறுத்துது, ஏன்னு தெரியல

எனக்கு ரொம்பப் பிடிச்ச கோளாறு இது, ஸ்பேனர் எதுவும் வேண்டாம், டிசைனைப் பாக்கத் தெரிஞ்சா போதும்.

1730ல இருந்து 1760 வரைக்கும் சொல்லக்கூடிய ரொகோகோ காலத்துல எதுவுமே நேரா நிக்காது. நடுத்தண்டே ஒரு பக்கம் சாஞ்சு சுருண்டு மேல போகும், ஒரு கை உயரமா, இன்னொண்ணு தாழ்வா, இலை ஒரு பக்கமா அலை அடிக்கும். தனியா பாத்தா சமமே இல்ல, ஆனா ஜோடியில வலதும் இடதும் கண்ணாடி பிம்பம், நெருப்பு மாடத்துக்கு மேல இருக்குற கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் மாட்டினா மொத்தச் சுவரும் சமமாயிடும். அதனால உறுத்தினா முதல் வேலை ரெண்டையும் இடம் மாத்தி மாட்டிப் பாக்கறது. பாதிக் கேஸ் இதுலயே முடிஞ்சுடும்.

மாத்தியும் சரியா வரலன்னா ரெண்டும் ஒரே திசையா சாயுதான்னு பாருங்க. ரெண்டுமே இடதுன்னா உங்ககிட்ட இருக்குறது ஜோடி இல்ல, நாலு விளக்கு செட்டு ஒண்ணை வாரிசுங்க பிரிச்சுக்கிட்டதுல ரெண்டு இடது உங்க பங்குக்கு வந்திருக்கலாம், இல்ல ஒரு அசல் விளக்கை வெச்சு பிற்காலத்துல இன்னொண்ணு வார்த்திருக்கலாம். நாலு செட்டு ஒண்ணும் அபூர்வம் இல்ல, லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி மியூசியத்துல ஃபிரான்சுவா தொமா ஜெர்மேன் 1756ல செஞ்ச நாலு விளக்கு இருக்கு, ஓர்லியான் பிரபுவோட பலே ரொயால் மாளிகைக்காக செஞ்சது, ஜெர்மேன் உண்மையில ராஜாவுக்கு வெள்ளி வேலை பாக்குறவர், அந்தக் கை பழக்கம் வெண்கலத்துலயும் வந்துடுச்சு.

திசை சரி, ஆனா ஒரு விளக்குக்குள்ளேயே ஏதோ இடிக்குதுன்னா கையும் தண்டும் சேர்ற இடத்தைப் பாருங்க. நல்ல டிசைன்ல தண்டுல கிளம்புற இலையோட நரம்பு கையில தொடரும், சேர்ற கோடு இலை மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். நரம்பு பாதியில நின்னு வேற இலை ஆரம்பிச்சா கை இடம் மாறியிருக்கு, அந்த முதுகுக் குறிகளைத் திரும்பப் பாத்து மாத்துங்க.

1760களுக்கு அப்புறம் ரசனை மாறுது, எல்லாம் நேரா சமமா வருது. பள்ளம் ஓடின தூண், மேல ஜாடி, ஆட்டுத்தலை, லாரல் இலை மாலை, ரிப்பன் முடிச்சு, அம்புக்கூடு, யாழ். டெலஃபோஸ்னு ஒரு டிசைன்காரர் செதுக்கி அச்சடிச்ச கனமான மாலை டிசைன்கள், வெண்கல வேலைக்காரர் ஃபிலிப் கஃபியேரியோட தடித்தடியான இலைகள் எல்லாம் இந்தத் தொடக்க காலம், போகப் போக மெலிஞ்சு மென்மையாகும். நெப்போலியன் காலத்துக்கு வந்தா தீப்பந்தம், அன்னம், பனையிலை விசிறி, தொமீர் மாதிரி பெரிய பட்டறை. இந்த வகையில ஜோடி உறுத்தினா காரணம் வேற, ஏதாவது ஒரு துண்டு காணாம போயிருக்கும். தண்டு உச்சியில வெறும் மரை ஓட்டை தெரிஞ்சா அங்க ஒரு ஜாடியோ சுடரோ முடிச்சோ இருந்திருக்கு. பக்கவாட்டுல ரெண்டு பொடி ஓட்டை எதிரெதிரா இருந்தா அங்க மாலை தொங்கியிருக்கு. ஒரு விளக்குல இருந்து இன்னொண்ணுல இல்லன்னா இருக்குறதை வெச்சு புதுசு வார்க்கலாம், ரெண்டுலயும் இல்லன்னா கற்பனை பண்ணி எதையாவது ஒட்டாதீங்க.

ரெண்டும் ஒரே டிசைன், ஆனா ஒண்ணு மட்டும் முகம் மழுங்கி, கொஞ்சம் சின்னதா இருக்கு

உருகின உலோகம் ஆறும்போது சுருங்கும், ஏறக்குறைய நூத்துக்கு ஒண்ணரை பங்கு. அசல் விளக்கையே மாதிரியா வெச்சு மணல்ல அச்செடுத்து வார்த்தா குழந்தை அசலை விட அவ்ளோ சின்னதா பிறக்கும், 50 சென்டிமீட்டர் விளக்குன்னா ஏழெட்டு மில்லிமீட்டர். ஜெராக்ஸை எடுத்து ஜெராக்ஸ் போட்ட கதைதான், கூர்மையும் போயிடும். ஒட்டுமொத்த உயரத்தை அளக்காதீங்க, திருகு இறுக்கத்துல அது மாறும், ஒரே துண்டா வார்த்த பகுதியை காலிப்பர் வெச்சு ரெண்டுலயும் அளங்க. வித்தியாசம் சீரா எல்லாத் துண்டுலயும் வந்தா ஒண்ணு மத்ததோட வாரிசு.

அதுக்காக பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலைன்னா மட்டம்னு நினைக்காதீங்க. ஆன்ரி தாசோன், பெர்தெலே, லிங்க் பட்டறைகள்ல வந்ததெல்லாம் அசலோட போட்டி போடும், விலையும் போடும். தாசோன் வழக்கமா பேரும் வருஷமும் வெட்டுவார், பெர்தெலே பட்டறை வார்ப்போட உள்பக்கத்துல அவங்க ரெண்டு எழுத்தைப் போடும். மழுங்கலா, பேரே இல்லாம, பின்பக்கம் மெஷின்ல கடைஞ்ச மாதிரி வழவழன்னு இருந்தாத்தான் கவலைப்படணும்.

கிரீடம் போட்ட குட்டி முத்திரை இருக்கு, இல்ல இல்லவே இல்ல

சி எழுத்துக்கு மேல கிரீடம், சில மில்லிமீட்டர்தான் இருக்கும், லென்ஸ் வேணும். செம்பு கலந்த எல்லாச் சாமானுக்கும் 1745 மார்ச்ல இருந்து 1749 பிப்ரவரி வரைக்கும் வரி போட்டாங்க, வரி கட்டின அடையாளம் அது, ஒரு காலத்துல அதைப் போய் கஃபியேரியோட கையெழுத்துன்னு நினைச்சாங்க. முத்திரை இருந்தா அந்த நாலு வருஷத்துக்குள்ள அது வித்துக் கைமாறியிருக்கு, அதுக்கு முன்னாடியே செஞ்ச பழசாவும் இருக்கலாம். இல்லன்னா எதுவுமே நிரூபணம் ஆகாது. முத்திரையை நல்லாத் தெரியணும்னு யாராவது சுரண்டியிருந்தா ஜாக்கிரதை, போலி முத்திரையும் புழக்கத்துல உண்டு, அது தங்கத்தை வெட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, அதாவது முத்திரையோட பள்ளத்துக்குள்ள மட்டும் தங்கம் இல்லன்னா, முலாமுக்கு அப்புறம் அடிச்சது, கேள்வி கேளுங்க.

பேர் இல்லன்னு வருத்தப்படவும் வேண்டாம். வார்க்கிறவங்க சங்கமும் முலாம் போடுறவங்க சங்கமும் பாரிஸ்ல தனித்தனி, 1776லதான் ஒண்ணாச்சு, ஒரு விளக்கு நாலஞ்சு பேர் கையில புரண்டு வந்துச்சு, பேர் வெட்டாததுதான் வழக்கம்.

பல்ப் மினுக்குது, தொட்டா சுருக்குங்குது

சுருக்குன்னா உடனே மெயின் ஆஃப், விளக்கைத் தொடவே வேண்டாம். உடம்பு முழுக்க உலோகம், இதுல எர்த் இல்லாம 230 வோல்ட் ஓடுறது தற்கொலை. இது மெழுகுவர்த்திக்குப் பிறந்த விளக்கு, 1900 வாக்குல கரண்ட் வந்தப்ப கையில ஓட்டை போட்டோ முதுகுப் பக்கமா கட்டியோ ஒயர் இழுத்தாங்க, அந்தத் துணி சுத்தின ஒயருக்குள்ள ரப்பர் பொடிப்பொடியா உதிரும், செம்பு வெண்கலத்தைத் தொடும். பழைய ஒயர் எல்லாத்தையும் உருவி எறிஞ்சுட்டு, எர்த்தோட புது ஒயர், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையால. அவர்கிட்ட ஒரே கண்டிஷன்: புது ஓட்டை போடக் கூடாது. ஏற்கனவே ஓட்டை இருந்தா அது வழியா, இல்லன்னா கையோட பின்பக்கமா மெல்லிசு தங்கக் கலர் ஒயரை நூலால கட்டி எடுத்துட்டுப் போகலாம், முன்னாடி இருந்து தெரியாது.

கை முழுக்க ஆரம்பத்துல இருந்தே உள்ள குழாயா வார்த்திருந்தா அது துளை போட்டது இல்ல, கேஸுக்கோ கரண்டுக்கோன்னே செஞ்ச பிற்கால விளக்கு.

வெறும் மினுக்கல் மட்டும்னா ஹோல்டர் நாக்கு தளர்ந்திருக்கும், இல்ல டிம்மருக்கு ஒத்துவராத எல்ஈடி போட்டிருப்பீங்க. பழைய குண்டு பல்ப் வேண்டாம், அந்தச் சூடு மேல இருக்குற இலையை ராத்திரி பகலா வாட்டும். வெளிச்சம் பொணம் மாதிரி வெளுப்பா இருக்குன்னு சொல்றவங்க பல்ப் டப்பாவைப் பாருங்க, 4000 கெல்வின்னு இருக்கும், 2200 இல்ல மிஞ்சிப்போனா 2700 போடுங்க, வாட்டேஜும் கம்மியா. வெளிச்சம் பத்தலன்னா பல்பை ஏத்தாதீங்க, விளக்கை கண்ணாடி பக்கத்துல கொண்டு போங்க. மெழுகு விலை கூடின காலத்துல வெளிச்சத்தை ரெட்டிப்பாக்கத்தான் அவங்க கண்ணாடி ஓரத்துல மாட்டினதே.

சுவத்துல நிக்கல

கனத்தைத் தூக்கிப் பாத்துட்டு அதுக்கு ஏத்த ஆணி போடுங்க, அவ்ளோதான். ஜிப்சம் சுவர்னா பின்னாடி மரச்சட்டம் இருக்குற இடமா தேடணும். கீழ்நுனி ஆடாம இருக்க ரெண்டாவது ஒரு பிடி வேணும், அதுக்காக விளக்குல ஓட்டை போடாம இலைத் தண்டுக்குப் பின்னாடி கொக்கி குடுங்க.

பழுதுபாக்குறவங்ககிட்ட அனுப்புறதா இருந்தா கழட்டக்கூடிய கைகளைக் கழட்டி ஒவ்வொண்ணையும் அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பர்ல சுத்துங்க, பபிள் ராப் நேரா தங்கத்து மேல படக் கூடாது, குமிழ் அச்சு விழும். தொடும்போது நைட்ரைல் கிளவுஸ், வேர்வைக் கைரேகை தேய்ஞ்ச இடத்துல அப்படியே பதிஞ்சு கறுக்கும். குடுக்கும்போது சுத்தம் பண்ணித் தர்றீங்களான்னு கேக்காதீங்க, என்ன அடுக்கை எடுக்கப் போறீங்க, எதை விடப் போறீங்கன்னு எழுதிக் கேளுங்க, எழுதித் தரமாட்டேன்னு சொன்னா விளக்கை எடுத்துக்கிட்டு வந்துடுங்க.